மீதி ஏழு

என் நாட்குறிப்பில் எல்லாப் பக்கத்துக்கும் முதல் வரி வானிலைதான். இருபத்திரண்டு வயதில் பதுளையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒழுங்கு மாறவில்லை. முதல் சில வருடக் குறிப்புகளில் மட்டும் வானிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். மழை, கே. வெயில், எக்ஸ். காலையில் பனி, பிறகு வெளிச்சம். கே, பிறகு எக்ஸ். யாராவது எடுத்துப் புரட்டினால் ஏதோ ரகசியம் என்று நினைக்கக்கூடும். அன்றைக்குத் தோட்டத்துக் கோப்பு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதன் குறிப்பு அது, அவ்வளவுதான். முப்பது வருடம் அதற்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

அப்போது ஒரு தாய்சேய் நலத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பதுளையைச் சுற்றியிருந்த ஆறு தேயிலைத் தோட்டங்களின் பிறப்பு, இறப்பு, தடுப்பூசி விவரங்களைத் தோட்டத்து அலுவலகத்திலேயே கணினியில் ஏற்றி, வாரம் ஒருமுறை தொலைபேசி வழியாகப் பதுளைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. இணையம் என்ற சொல்லைப் பத்திரிகையில் மட்டும் படித்திருந்தோம். அங்கே ஒரு கணினி, ஒரு மோடம். இங்கே ஒரு கணினி, ஒரு மோடம். நடுவில் மலை, மரம், ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. அந்தக் கம்பியில் பேசலாம், அல்லது கோப்பு அனுப்பலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. ஆகவே முதலில் பேசி, எந்த வழி என்று முடிவு செய்து, பேச்சை நிறுத்திவிட்டு மோடத்தைப் பாட விட வேண்டும். இந்தப் பக்கம் அமர்ந்து வாங்குவது என் வேலை.

வழிகள் திரையில் எழுத்துகளாக வரிசையில் நிற்கும். எக்ஸ் என்றால் கோப்பைச் சம துண்டுகளாக வெட்டி அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் வந்தது என்று நாம் பதில் சொன்ன பிறகே அடுத்த துண்டை விடும். நல்ல லைனில் அது போதும். இரைச்சல் வந்தால் பத்துத் தடவை முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கே அதைவிடப் பொறுமைசாலி. துண்டுகளை இன்னும் சிறிதாக்கிக்கொண்டு, கெட்ட லைனிலும் தட்டித் தடவி வந்து சேரும். ஆனால் நேரம் பிடிக்கும். இஸட் என்று மூன்றாவது ஒன்று இருந்தது. லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று அதன் கையேட்டில் படித்திருந்தேன். பதுளைக் கணினியில் அது இருந்தது. தோட்டத்துக் கணினிகளில் இருந்தது பழைய பதிப்பு. எக்ஸும் கேயும் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்து இருந்தால்தான் பயன். புதிய டிஸ்கெட்டைக் கேட்டு மூன்று தடவை கடிதம் எழுதினேன். அடுத்த மாதம் என்றார்கள். திட்டம் முடியும்வரை அது அடுத்த மாதமாகவே இருந்தது.

ஐந்து தோட்டங்களால் பெரிய தொல்லை இல்லை. ஆறாவது, ஹாலிஎலைக்கு மேலே இருந்த தோட்டம். அங்கே தொலைபேசிக் கம்பி தொழிற்சாலைச் சுவரை ஒட்டி வந்தது. கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடத் தொடங்கினால் கம்பியில் கரகரப்பு. மழை பெய்தால் அதைவிட மோசம். அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் கணினியைத் தொடவே பயந்தார். அதனால் தோட்டத்து மருத்துவிச்சியே தன் பிறப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, விசைகளைப் பழகிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் என்னை அழைப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நேரில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். குரலை மட்டும் மூன்று வருடம் கேட்டேன்.

“புள்ள, இன்னைக்கு என்ன எழுத்து?”

“அங்க வானம் எப்படி இருக்கு அக்கா?”

“வானம் எங்கடி தெரியுது? கோயில் மணிக் கம்பமே தெரியல.”

“அப்ப கே போடுங்க.”

“கேயா! நெறமாசக்காரி மலையேறுற மாதிரில்ல போகும் அது. நான் மூணு லயத்து வீட்டையும் பாத்துட்டே வந்துருவேன்.”

“போய்ட்டு வாங்க. நீங்க வரும்போதும் பாதி வழியிலதான் நிக்கும்.”

“வாய் கூடிப்போச்சு ஒனக்கு. வைக்கிறேன்.”

மாதக் கடைசியில் ஆறு தோட்டங்களின் கோப்புகளையும் சேர்த்துப் பட்டியல் அச்சிடுவேன். குழந்தையின் பிறப்பை இன்னும் அரசாங்கத்தில் பதியாத தாய் தகப்பனைத் தேடிப் போய்ப் பதிய வைப்பதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். தோட்டத்தில் பலர் அந்தப் பதிவுக்காக ஒருநாள் பெயரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து பதுளைக்கு வரமாட்டார்கள். யாராவது போய்ச் சொன்னால் வருவார்கள்.

திட்டம் முடிந்ததும் அதே கட்டடத்தில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது எனக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது பத்தொன்பது படி என்று எண்ணிக்கொண்டே ஏறுகிறேன்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கையில் பொலித்தீன் உறை. சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கினாள்.

“மிஸ், கம்ப்யூட்டர் மிஸ் நீங்கதானா?”

“இப்ப இங்க எல்லாரும் கம்ப்யூட்டர் மிஸ்தான். உள்ள வாங்க. என்ன வேணும்?”

அவள் தன் அடையாள அட்டையை என் முன்னால் வைத்தாள். பிறந்த வருடம் இருந்தது. மாதத்துக்கு இரண்டு பூச்சியம், நாளுக்கு இரண்டு பூச்சியம். பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அட்டை எடுத்தவர்களுக்கு அப்படித்தான் வரும். தோட்டத்து முன்பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். தாதி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில். பிறந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் எண் வரிசை ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது, பூச்சியம் இல்லை.

“பஜார்ல கம்ப்யூட்டர் கடைக்கார அண்ணன் ஒண்ணு போடு, ஜனவரி ஒண்ணுன்னு போட்டு விட்டாரு மிஸ். அட்டையோட ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் பதினேழு நாளு இருக்கு முடிவுத் திகதிக்கு. இந்தத் தடவ விட்டா அடுத்த தடவ வயசு தாண்டிரும்.”

“தோட்டத்துல பிறப்புப் புத்தகம் இருக்குமே?”

“டிஸ்பென்சரிக் கூரைத் தகரம் காத்துல பறந்துருச்சு மிஸ். புத்தகமெல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. அள்ளிக் கொட்டிட்டாங்க. செத்துப்போன மருத்துவிச்சி அம்மாவோட மகதான் சொல்லுச்சு, பதுளையில ஒரு கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியிருக்கு, போய்ப் பாருன்னு.”

மருத்துவிச்சி இறந்துவிட்ட செய்தி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

“உங்க அம்மாவுக்கு ஞாபகம் இல்லையா?”

“பெரட்டுக்கு முந்தி பொறந்தேன்னு சொல்லுது. விடிகாலையில எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்கப் போறதுக்கு முந்தி. எந்த மாசம்னு கேட்டா, மழ மாசம்ங்குது. நம்ம பக்கம் எது மிஸ் மழ இல்லாத மாசம்?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பழைய கணினி களஞ்சிய அறையில் இருந்தது. அதன்மேல் குழந்தை நிறுக்கும் தராசுகள், கிழிந்த பதாகைகள். சனிக்கிழமை காவலாளியிடம் திறப்பு வாங்கிப் பூட்டைத் திறந்து, தூசி தட்டி, மேசையில் தூக்கி வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. வேறொரு கணினியின் திரையைக் கழற்றி இதில் பொருத்தினேன். அது எழும்பும் என்று நம்பவில்லை. இருமி இருமி எழும்பியது. உள்ளே இருந்த மின்கலம் எப்போதோ செத்திருந்ததால் அதற்குத் திகதி தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கும் முந்திய ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி முதலாம் திகதியைக் காட்டியது. திகதி தெரியாவிட்டால் கணினியும் ஜனவரி ஒன்றைத்தான் போட்டுக்கொள்கிறது. பஜார்க் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தோட்டத்தின் அந்த வருடக் கோப்புகளை வாரம் வாரமாகத் திறந்தேன். அவள் தாயின் பெயரைத் தேடினேன். எங்கும் இல்லை. ஒரு வாரத்துக் கோப்பு மட்டும் பாதியில் நின்றிருந்தது. கடைசி வரி, ஐந்தாம் லயம் என்று தொடங்கி, அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெறும் திரை. அறுந்துபோன கோப்பையும் அழிக்காமல் வைத்திரு என்று அந்தக் காலத்தில் நானே கணினியில் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வந்து அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்த வருட நாட்குறிப்பை எடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமையின் பக்கம் இப்படி இருந்தது.

மழை. எக்ஸ் இரண்டு தடவை, அறுந்தது. கே ஒரு தடவை, அறுந்தது. மீதியை வாயால் வாங்கினேன். எனக்குத் தலைவலி. இந்தப் பொம்பளை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வைக்கிறாள்.

அதன் கீழே பென்சிலில் ஏழு வரிகள். லயத்து வரிசை, காம்பரா என்ற அறை எண், தாயின் பெயர், ஆணா பெண்ணா, நிறை, நாள், நேரம். கடைசியில் பேனாவால்: மீதி ஏழு, நாளை ஏற்ற வேண்டும்.

படித்ததும் அந்த அழைப்பு நினைவுக்கு வந்தது. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மோடம் மூன்றாவது தடவையும் ஊளையிட்டு நின்ற பிறகு மருத்துவிச்சி மீண்டும் அழைத்தார்.

“இந்தச் சனியன நம்பினா பொழுது போயிரும் புள்ள. பென்சில எடு. நான் சொல்றேன், நீ எழுது.”

“சொல்லுங்க அக்கா.”

“அஞ்சாம் லயம், மூணாம் காம்பரா. பொம்பளப் புள்ள. ரெண்டரைக் கிலோ. பதினேழாந் தேதி வெள்ளென அஞ்சு மணி, பெரட்டுக்கு முந்தி. எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“எழுதிட்டேன்னா எப்படி? திருப்பிச் சொல்லு. நீ திருப்பிச் சொல்லாம நான் அடுத்த புள்ளைக்குப் போகமாட்டேன்.”

ஏழையும் அப்படித்தான் வாங்கினேன். ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல, அவர் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்து ம் என்று சொல்ல, பிறகு அடுத்தது.

“ஏழும் வந்துருச்சா?”

“வந்துருச்சு அக்கா.”

“அப்ப என் பாரம் எறங்குச்சு. இனி ஒன் பாரம்.”

அடுத்த வேலை நாளின் பக்கத்தைப் புரட்டினேன். வெயில், எக்ஸ். தையற்காரி இன்னும் ரவிக்கை தரவில்லை. அவ்வளவுதான். அதற்கடுத்த நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று எழுபது பக்கம் புரட்டினேன். ஏழு பேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் ஏற்றவில்லை. ஏற்றாததால் மாதப் பட்டியலில் அவர்கள் வரவில்லை. பட்டியலில் வராததால் அவர்களின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைப்பவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். எழுதி வைத்துவிட்டேன் என்பதாலேயே அது முடிந்த வேலை ஆகிவிட்டது போலும்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டேன். நாட்குறிப்பைத் திறந்து காட்டினேன். தாயின் பெயரைப் பார்த்ததும் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“மூணாம் காம்பரா எங்களதுதான் மிஸ். பெரட்டுக்கு முந்தின்னும் இருக்கு.” பிறகு, “அப்ப நீங்க எழுதி வச்சிருக்கீங்க.”

“எழுதி வச்சேன்மா. கணினியில ஏத்தல. மறந்துட்டேன். ஏத்தியிருந்தா உங்க அப்பாவ அன்னைக்கே கூட்டிட்டு வந்து பதிஞ்சிருப்பாங்க.”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தன வருசமா ஊரெல்லாம் நான் பூச்சியம். ஒங்க வூட்டு அலுமாரில மட்டும் பதினேழாந் தேதியா இருந்திருக்கேன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

பிரதேச செயலகத்தில் அன்று நல்ல கூட்டம். பதினொன்றரைக்குத்தான் எங்கள் முறை வந்தது. பிறப்புப் பதிவுப் பிரிவு உத்தியோகத்தர் இளைஞர். நன்றாகத் தமிழ் பேசினார். காலம் பிந்திப் பதிவதற்கு ஞானஸ்நானச் சீட்டோ, கிளினிக் அட்டையோ, தோட்டத்துப் புத்தகத்தின் பிரதியோ வேண்டும் என்றார். ஒன்றும் இல்லை என்றோம். நாட்குறிப்பை நீட்டினேன்.

“இது உங்கட சொந்தக் கொப்பி தானே மிஸ். இத நான் எப்படி எடுக்கிற?”

“அன்னைக்கு லைன் அறுந்துருச்சு சேர். மருத்துவிச்சி போன்ல சொன்னத நான் எழுதினேன்.”

“போன்ல கேட்டது எண்டா பிழையா கேட்டிருக்கலாம்.”

அவர் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி முதலிலிருந்து படித்தார். நான் மறைக்க நினைத்திருந்த வரியை வாய்விட்டே படித்தார். இந்தப் பொம்பளை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வைக்கிறாள். எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள்.

“யார் இந்தப் பொம்பளை?”

“மருத்துவிச்சிதான் சேர். நான் திருப்பிச் சொல்லாட்டி அடுத்ததுக்குப் போகமாட்டாங்க.”

“ரெண்டு தரம்.” அவர் அந்த வரியின்மேல் பென்சிலால் தட்டினார். “அப்ப சரி பார்த்துத்தான் தந்திருக்கிறாங்க. இத யாரும் சாட்சிக்காக எழுதமாட்டாங்க, மிஸ். எரிச்சல்லதான் எழுதுவாங்க. ஆனா ஒரு கேள்வி இருக்கு. எழுதினதுக்குப் பிறகு ஏன் கணினியில இல்ல?”

“நான் ஏத்தல சேர்.”

“அதையும் சத்தியக் கடதாசியில எழுதுங்க. இல்லாட்டி மேல அதைத்தான் கேப்பாங்க.”

வெளியே மர வாங்கில் அமர்ந்து எழுதினேன். மூன்று வரி. என் கடமையை நான் செய்யாததால் இவரது பிறப்பு உரிய காலத்தில் பதியப்படவில்லை என்பது மூன்றாவது வரி. ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருத்தினேன். பிறகு அடித்தல் இல்லாமல் புதிய தாளில் மறுபடியும் எழுதினேன். அந்த வரியை அதனால் இரண்டு தரம் எழுத வேண்டியதாயிற்று.

பதிவு முடிந்து சான்றிதழ் கைக்கு வரக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் பிறந்த திகதியை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றை உத்தியோகத்தர் தந்தார். முடிவுத் திகதிக்கு ஐந்து நாள் முன்னதாக, அதே பஜார்க் கடையில், அவள் பதினேழைத் தேர்ந்தெடுத்து, கடிதத்தையும் இணைத்து அனுப்பினாள். விண்ணப்பம் கிடைத்தது என்று பதில் வந்திருப்பதாக எனக்குச் செய்தி அனுப்பினாள். எடுப்பார்களா என்பது இன்னும் தெரியாது.

மற்ற ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு இரவு சரியாகத் தூக்கமில்லை. தோட்டத்துக்கு நானே போக நினைத்தேன். ஹாலிஎலை வரைக்கும் பஸ், அதற்குமேல் ஆட்டோ, அதற்குமேல் என் முழங்காலுக்கு ஆகாத படிகள். கடைசியில் நேற்று மாலை அவளுக்கே அழைப்பு எடுத்தேன். அங்கேயும் மழை, குரல் விட்டு விட்டு வந்தது.

“அவங்க தாய்மாருங்க யாரு எவருன்னு உங்களுக்குத்தான் தெரியும். சொல்றேன், எழுதிக்கிறீங்களா? அட்டையில பூச்சியம் இருக்கவங்கள என்கிட்ட அனுப்புங்க. கடதாசி நான் எழுதித் தர்றேன்.”

“இருங்க மிஸ், பென்சில் எடுக்கிறேன்.”

“ரெண்டாம் லயம், ஏழாம் காம்பரா. ஆம்பளப் புள்ள. மூணு கிலோ. பதினெட்டாந் தேதி, பகல்.”

“எழுதிட்டேன்.”

“திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னாள். அடுத்ததைச் சொன்னேன், பெண் பிள்ளை. அதையும் திருப்பிச் சொன்னாள். இந்தப் பெண்ணைத் தெரியும் என்றாள். கல்யாணம் முடித்து ஹல்துமுல்லைப் பக்கம் போய்விட்டதாம், தேடிப் பிடிக்கலாமாம். நான்காவதைச் சொல்லி முடித்த இடத்தில் லைன் அறுந்தது. நான் மறுபடியும் எடுத்தேன். மணி போகவில்லை. மறுபடியும் எடுத்தேன். ஐந்தாவது முயற்சியில் அவள் குரல் கேட்டது.

“எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டேன்.

“நாலு வந்துருச்சு மிஸ். அஞ்சாவதுலருந்து சொல்லுங்க.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது பிள்ளையின் வரியில் விரலை வைத்தேன்.